போனின் பாதத்தில் திருநீறு

செல்போன் ரிப்பேர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். சங்க மலருக்கு எழுதச் சொல்லி வந்தவர்கள், "உங்க சாதனையப் பத்தி எழுதுங்ண்ணா" என்றார்கள். ஒரு வாரம் யோசித்தும் சாதனை என்று ஒன்றும் அகப்படவில்லை. சரி, தப்பு என்று யோசித்தால், டம்ளரில் காப்பி ஆறுவதற்குள் ஏழெட்டு வந்து வரிசையில் நின்றுவிட்டது. அதில் பெரியதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலில் செய்த குற்றத்தை முருகன் பொறுத்துக்கொண்டான் என்று நம்புகிறேன். எதற்கும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் என் கடை இருந்தது. பக்கத்துக் கடை தையல் கடை. அதை நடத்தியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. என் வயதுதான் அவருக்கும். அவருக்கு ரிப்பேரில் ஒரு ஸ்குரூகூடத் தெரியாது. ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு குரு யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ரிப்பேர் முடிந்த போனை நான் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டேன். மேசைக்கு மேலே முருகன் படம், அதற்குக் கீழே பித்தளைக் கிண்ணத்தில் பழனித் திருநீறு. போனைப் படத்துக்கு முன்னால் வைத்து, "அப்பனே, இதை நீ பாத்துக்க" என்று சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்து வைத்துவிட்டுத்தான் உரியவர் கையில் கொடுப்பேன்.

முதலில் நெற்றியில்தான் வைத்தேன், அதாவது போனின் மேல் பக்கம். "பேசறது காதுல உழுக மாட்டீங்குதுங்க" என்று நாலு பேர் திரும்பி வந்தார்கள். சரி, நெற்றி வேண்டாம் என்று முதுகில் வைத்தேன். ஒருவர் தன் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவெல்லாம் மார்கழி மாதத்துப் பனியில் எடுத்தது போல இருந்தது. பெண்ணா மாப்பிள்ளையா என்றே தெரியவில்லை. அதற்கப்புறம்தான், தெய்வ காரியத்தில் பாதம்தானே உசத்தி என்று யோசித்து, போனின் பாதத்தில் வைக்க ஆரம்பித்தேன். கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைப்பேன். ஒட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம்.

போனின் பாதத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதில் சார்ஜர் வயரைச் செருகியிருப்பேன்! ஆனால் திருநீறு எடுக்கும்போது மட்டும் அது என் கண்ணுக்குப் பட்டதே இல்லை.

இந்த வழக்கத்தால் கடைக்கு நல்ல பெயர். 'திருநீத்துக் கடை' என்றால் பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் ஆளுக்குத் தெரியும். கூட்டமும் குறையவில்லை. குறையாததற்கு இன்னொரு காரணம், வந்தவர்களே இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வந்ததுதான். "சார்ஜ் ஏறலீங்க, ஆன் ஆவலீங்க." ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தேன். மில்லில் வேலை செய்கிறவர் என்றால் பஞ்சு. கோழிப்பண்ணைக்காரர் என்றால் தீவனத் தூள். தென்னந்தோப்புக்காரர் என்றால் தேங்காய் மஞ்சித் தூசி. இது எதிலும் சேராதவர் என்றால், "சார்ஜர் டூப்ளிகேட்டுங்க." கீழே இருக்கும் சார்ஜிங் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவேன். போன் எழுந்துகொள்ளும். மறுபடி முருகன், மறுபடி கட்டைவிரல்.

பாய் வீட்டுப் போன்களுக்கும், கோட்டைமேட்டிலிருந்து அவர் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் போன்களுக்கும் நான் திருநீறு வைப்பதில்லை. அவர்கள் மனசு எப்படியோ என்று ஒரு தயக்கம். "அல்லா பாத்துக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். அல்லாவும் பார்த்துக்கொண்டார்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் ருக்குமணி வந்தார். அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் போகிற பக்கம் தோட்டத்தில் குடியிருப்பவர், பழைய வாடிக்கை. மொபெட்டை ஸ்டாண்டு போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை.

"ஏனுங்ண்ணா, இது நேத்துப் பொழுதோட இருந்து கண்ணே தொறக்க மாட்டீங்குது. எப்படியாச்சு இன்னிக்கு தொறந்து குடுத்துருங்."

"வெச்சுட்டுப் போங்க அம்மணி, நாளைக்கு..."

"நாளைக்கு என்ற செவ்வந்தி இருக்காதுங்ண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து விசாரித்தேன். செவ்வந்தி அவருடைய கிடாரி. காங்கேயம் ரகம், ஒன்றரை வயது. பத்து நாளைக்கு முன் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தேடித் தேடி, இரண்டு ஊர் தள்ளி ஒருவர் கட்டுத்தரையில் நிற்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஆளோ, "நான் வெலைக்கு வாங்குனது" என்று சாதிக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "உன்றதுன்னா அத்தாட்சி கொண்டா, சாயந்தரம் நாலு மணி வரைக்கும் கன்னு இங்கயே நிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். நாலு மணிக்கு மேல் ஆனால் அந்த ஆள் டெம்போவில் ஏற்றி விற்க அனுப்பிவிடுவார். டெம்போ வந்து நிற்கிறதாம்.

"நெத்தியில ரெட்டைச் சுழிங்ண்ணா அதுக்கு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. அத நாஞ் சொன்னா, 'இங்க வந்து பாத்துப்போட்டு சொல்றா'ங்கறான் அந்த ஆளு. போட்டோ அத்தனையும் இதுக்குள்ளதான் கெடக்குது. அதோட ஆத்தாளும் போன ஐப்பசில போயிருச்சு. அந்த வம்சத்துல இது ஒண்ணுதானுங்."

மணி ஒன்றரை. அந்த ஊருக்கு மொபெட்டில் அரை மணி நேரம். எப்படியும் மூன்றே காலுக்காவது கிளம்பியாக வேண்டும்.

சார்ஜரில் போட்டேன். அசைவில்லை. வயரை மாற்றினேன். இல்லை. அந்த மாடலுக்குச் சார்ஜிங் போர்டும் கையிருப்பில் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் இதே போன் மாட்டுத் தண்ணீர்த் தாழியில் விழுந்து என்னிடம்தான் வந்தது. நனைந்த போனை அரிசியில் புதைத்து வைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, ருக்குமணி அவசரத்தில், வண்டு விழாமல் செம்மண் கட்டி வைத்திருந்த துவரைக்குள் புதைத்துவிட்டார். திறந்தால் உள்ளே வண்டல். அதைக் கழுவி, போட்டோவெல்லாம் சேமித்திருக்கும் சில்லுக்குச் சூடு காட்டி ஒட்டி உயிர் கொடுத்தேன். "இனி ஒருக்கா சூடு காட்டினா இது தாங்காது அம்மணி" என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன்.

அந்தச் சில்லுதான் மறுபடி விட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். ஒட்டினால் ஒட்டும். ஒட்டாவிட்டால் போட்டோ அத்தனையும் போகும். கேட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. சூட்டுக் காற்று அடிக்கும் மெஷினை எடுத்து ஸ்விட்சைத் தட்டினேன்.

பாய் அப்போதுதான் கழுத்தில் இஞ்ச் டேப்போடு உள்ளே வந்தார். என் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார்.

"வேலு, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே?"

"இப்பவா பாய்?"

"இப்பத்தான். நீ செஞ்சு குடுத்து என்ற ஊட்டுப் போன் ஏதாச்சும் திரும்பி வந்திருக்குதா?"

"இல்ல."

"என்ற மச்சான் போனு? அவன் தம்பி போனு?"

"இல்லீன்னுதான் சொல்றனே."

"அப்ப மத்தவங்க போனு மட்டும் ஏன் மாசாமாசம் பொறந்த ஊட்டுக்கு வர்றாப்பல வருது?"

இதைப் பற்றி நானும் யோசித்து வைத்திருந்தேன். "நீங்க அஞ்சு வேளை தொழுவறீங்க. அப்பெல்லாம் போனச் சும்மா வெச்சர்றீங்க. அதுக்கு ஓய்வு கெடைக்குது" என்றேன், ரொம்பத் தெளிவாக.

பாய் சிரித்த சிரிப்பில் இஞ்ச் டேப் கழன்று விழுந்தது. "தொழுவறது பத்து நிமிசம். மிச்ச நேரத்துக்கு என்ற மச்சான் காதையும் போனையும் ஒருத்தனும் பிரிக்க முடியாது. ஓய்வாமா ஓய்வு! எங்களுக்குக் குடுக்காம அவங்களுக்கு மட்டும் என்னத்தப்பா சேத்திக் குடுக்கறே?"

சொல்லிக்கொண்டே அவர் பார்வை மேலே போனது. நானும் பார்த்தேன். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பித்தளைக் கிண்ணம்.

ருக்குமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "திருநீத்தையா சொல்றீங்க பாய்? அது காப்புங்க!"

"அம்மணி, நான் சாமியச் சொல்லல. வெச்ச எடத்தச் சொல்றேன். நூல் அறுந்துபோட்டா நான் மொதல்ல ஊசியப் பாப்பனா, மிசினக் கழட்டுவனா?"

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கை தன்னால் மெஷினைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தது. போனைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சம் அடித்தேன். சார்ஜர் வாய்க்குள் வெள்ளை வெளேர் என்று கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி ஒரு பூச்சு. திருநீறும் சேலை நூலும் வேர்வையும் சேர்ந்து இறுகி, சிமென்ட் பூசியது போல உட்கார்ந்திருந்தது. வயர் உள்ளே போனதாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் போயிருக்கிறது. நேற்று சாயந்தரத்தோடு பேட்டரி காலி. இத்தனைதான் நோய்.

தம்பிகளே, எத்தனை வருடத் தொழில்! எத்தனை பேருக்குப் பஞ்சு என்றும் தீவனத் தூள் என்றும் சொன்னேன்! அந்த நிமிடம் நாற்காலிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் மணி இரண்டேகால்.

இரும்பு ஊசியை அதற்குள் விடக் கூடாது, உள்ளே இருக்கும் முனைகள் ஒன்றோடொன்று தட்டிவிடும். விளக்குமாற்றுக் குச்சிதான் சரி. மூலையில் கடை கூட்டும் விளக்குமாறு இருந்தது. கை அதை நோக்கிப் போய்விட்டுத் திரும்பிவிட்டது. பழனியாண்டவன் திருநீறை, தெரு மண்ணைக் கூட்டிய விளக்குமாற்றால் நோண்டுவதா? நான் தயங்குவதைப் பார்த்து ருக்குமணி எழுந்தார். எதிர்க் கடைக்கு ஓடி, புதுச் சீமாறு ஒன்றை முழுசாகத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"நோண்டுங்ண்ணா. பாவம் கீவம் வந்தா எனக்கு வரட்டும்."

"எனக்குப் பாதி" என்றார் பாய்.

குச்சியைக் கூராகச் சீவி, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே சுரண்டினேன். மேசையில் விரித்த பேப்பரில் வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நான் வைத்தது ஒரு சிட்டிகை. வெளியே வந்தது அதற்கு மேல் இருக்கும்போல. பேப்பரை மடித்துக் குப்பையில் போடப் போனேன்.

"கொட்டிப்போடாதீங்ண்ணா!" ருக்குமணி அதைப் பிடுங்கி, நூலும் அழுக்குமாக அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டார். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது வயரைச் செருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் தோன்றியது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, எட்டு ஆயிற்று. ஒன்றுமில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பேட்டரி அடியோடு வற்றிவிட்ட போன், சார்ஜரில் போட்டவுடன் முகம் காட்டாது. கொஞ்சம் குடித்துக்கொண்டுதான் கண்ணைத் திறக்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் ஒரு பெண்பிள்ளை நெற்றி நிறையத் திருநீறோடு, "இல்லீங்ண்ணா, இது வேற என்னமோ, தொறந்துதான் பாருங்ளே" என்று சொல்லும்போது, தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலச் சிரமமான வேலை நம் தொழிலில் இல்லை. என் கை மறுபடி சூட்டு மெஷினுக்குப் போனது. மெஷின் அங்கே இல்லை.

"பாய், மிசின் எங்க?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்ற அயர்ன் பாக்ஸ் சூடாக மாட்டீங்குது. சித்த நேரம் இதுல தேச்சுக்கறேன்."

"காத்துல எப்படிய்யா துணி தேப்பே?"

"அதான் மெதுவா ஆகுது!"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் முருகன் பெயரை நூற்றெட்டு தடவை சொன்னேன். முடிந்தது. மறுபடி சொன்னேன். இரண்டாவது நூற்றெட்டில் எங்கேயோ எண்ணிக்கை தவறிய நேரத்தில், கறுப்புத் திரையில் சின்னதாக ஒரு பேட்டரிப் படம் தெரிந்தது. ருக்குமணி "அப்பனே!" என்று கத்திய சத்தத்தில் பாய் மெஷினோடு ஓடி வந்தார்.

போன் முழுசாக எழுந்தபோது மணி இரண்டே முக்கால். ருக்குமணி விரலால் போட்டோக்களைத் தள்ளினார். செவ்வந்தி வந்தாள். பட்டிப் பொங்கல் அன்று எடுத்தவை, பதினைந்துக்குக் குறையாது. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை. நெற்றியில்?

நெற்றி முழுக்கத் திருநீறு. அள்ளி அப்பியிருந்தது. அதன்மேல் சந்தனம், நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். சுழி ஒன்றா இரண்டா, இருக்கிறதா இல்லையா, அந்த முருகனுக்கே தெரியாது.

"யாரு அம்மணி இப்படி அப்புனது?"

"நாந்தானுங்ண்ணா."

பாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது. "இதுக்கு முன்ன எடுத்தது இருக்குதா பாருங்க" என்றேன். தீபாவளி வந்தது, நெற்றியில் திருநீறு. ஆடிப்பெருக்கு வந்தது, திருநீறு. இவரிடம் என் கிண்ணத்தைக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். தள்ளத் தள்ள நாள் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, கிடாரி சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒரு போட்டோ. வைக்கோல் மேல், தாய் நக்கிக் காயவைத்த செவலை நிறக் கன்று, அன்றைக்குப் பிறந்தது, கேமராவையே பார்த்துக்கொண்டு. பளிச்சென்ற நெற்றி. பக்கத்தில் பக்கத்தில், இரண்டு நத்தை உட்கார்ந்தாற்போல, இரண்டு சுழி.

"இதுல மட்டும் எப்படி வெக்காம உட்டீங்க?"

"கன்னு போட்ட தீட்டுங்ளே ண்ணா. தீட்டுக்குள்ள எப்படித் திருநீறு வெக்கறது?"

மொபெட்டில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். போனைப் பவர் பேங்கோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கூட்டிப்போவது மாதிரி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டெம்போவின் பின்கதவு திறந்திருந்தது. கிடாரி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

பெரியவர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த ஆளும் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது செவலைக் கன்னு. என்றது சாம்பல் மயிலையுங்க. கண்ணு தெரியுதுங்களா?"

பெரியவர் நிமிர்ந்தார். "காங்கேயங் கன்னு பொறக்கறப்ப செவலையாத்தானப்பா பொறக்கும், வளந்தாத்தான் மயிலையாவும். அதுகூடத் தெரியாமயா மாடு வாங்குனே?" என்றவர், எழுந்து போய்க் கிடாரியின் நெற்றியில் விரலை வைத்துத் தடவினார். ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. போட்டோவைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "அவுத்து உடு" என்றார்.

அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "புரோக்கர் ஏமாத்திப்போட்டானுங்க" என்று முனகிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். ருக்குமணி கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை அடங்கியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பேப்பர், அதில் போனிலிருந்து சுரண்டிய திருநீறு. மூன்று விரலால் அள்ளி, கிடாரியின் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"அம்மணி, நில்லுங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மொதல்ல சுழியோட இன்னொரு போட்டோ எடுத்துக்கலாம். அப்புறமா வையுங்க."

எடுத்தோம். அப்புறம் வைத்தார், அள்ளி அப்பித்தான்.

மறுநாள் கடை திறந்ததும், முன்பு திரும்பி வந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். பஞ்சும் இல்லை, தீவனத் தூளும் இல்லை, என் கட்டைவிரல்தான் என்று. சிலர் திட்டினார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். ஒரு தாத்தா மட்டும், "அப்ப இனிமே திருநீறு இல்லீங்களா?" என்று வருத்தப்பட்டார். இருக்கிறது என்றேன். அன்று முதல் போனை ஒரு கையில் கொடுத்து, திருநீறை இன்னொரு கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் கடையில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். முருகன் அதற்கு ஒன்றும் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

ஆகவே புதிதாக வந்தவர்களே, கண் திறக்காத போன் ஒன்று மேசைக்கு வந்தால், உள்ளே திறப்பதற்கு முன்னால் வாயைப் பாருங்கள். கடைசியாக அதில் கை வைத்தது நீங்களாக இருந்தால் இரண்டு தடவை பாருங்கள். சார்ஜில் போட்டால் பொறுத்திருங்கள். பொறுக்க முடியாவிட்டால், சூட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருவரைப் பக்கத்துக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் பார்வை குறைந்து கடையை விட்டபோது, சாமான்களில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கூர் சீவிய குச்சி. பூஜை அறையில் முருகனின் வேலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

வீட்டம்மா பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "ஏனுங், சாமி ரூம்ல சீமாத்துக் குச்சியா?"

கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். எடுத்து எறியச் சொல்லவில்லை. தினமும் வேலுக்குப் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு பூ வைக்கிறாள்.

திருநீறு மட்டும் வைக்க விடுவதில்லை நான்.